ஸ்பீக்கர் பெட்டிக்குள் பதினைந்து படி நெல்

என் கடைக்கு முதல்முறை வருகிறவர்கள், சுவரில் இருக்கும் ஸ்பீக்கர்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்த நெல் அளக்கும் படியின் முன்னால் வந்து நிற்பார்கள். கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில், ஒரு லாரி டயர் கடைக்கும் ஒரு மெஸ்ஸுக்கும் நடுவில், கார்களுக்குப் பாட்டு சிஸ்டம் மாட்டிக் கொடுக்கும் கடை என்னுடையது. பேஸ் பாக்ஸை, அதாவது அடிச்சத்தம் அதிர வரும் ஸ்பீக்கர் பெட்டியை, நானே செய்வேன். அதுதான் என் கடையின் விசேஷம். ஆம்ப்ளிஃபயர் அட்டைப்பெட்டிகளுக்கு மேலே, மேல் தட்டில், வாயில் பித்தளைப் பட்டை போட்ட ஓர் இரும்புப் படி இருக்கும். அதற்குள் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மரச்சட்டம் செருகியிருக்கும். "இன்னாண்ணா, அரிசிக் கடையும் வெச்சிருக்கியா?" என்று கேட்காதவர்கள் குறைவு. "பேஸ் அளக்கறதுக்கு" என்பேன். சிரித்துவிட்டு விலை கேட்க ஆரம்பிப்பார்கள். அவர்கள் வேடிக்கை என்று நினைப்பதை நான் திருத்துவதில்லை. அந்தப் படி என் மாமனாருடையது. ஒன்பது வருஷமாக அது என் கடையில் இருக்கிறது. அதைக் கொடுத்தனுப்பியவர் அத்தனை வருஷமும் என் கடை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஓர் இடத்தில் இரண்டு நிமிஷம் உட்கார வராது. சாப்பிடும்போதே கால் ஆடும். கார் கதவு, மேஜை, பாத்திரம் எதைப் பார்த்தாலும் விரலால் தட்டி அதன் சத்தம் கேட்டுவிடுவேன். எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் போகும் லாரி ஒவ்வொன்றும் கடையைக் கடக்கும்போது ஷட்டர் லேசாக அதிரும். மற்றவர்களுக்கு அது காதில்கூட விழாது, எனக்கோ ஷட்டரின் எந்தத் தகடு அதிர்கிறது என்று எழுந்துபோய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. இந்தக் குணம் தொழிலுக்கு நல்லது. மனுஷனுக்கு நல்லதில்லை. சட்டென்று கோபம் வரும், வாய் முந்திக்கொள்ளும், பிறகு இரண்டு நாள் நானே எனக்குள் புழுங்கிக் கொண்டிருப்பேன். என் மாமனார் இதற்கு நேர் எதிர். ஆரம்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சொந்த நிலத்தில் நெல் வைக்கிறவர். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்தில் இருப்பார். ஈ வந்து கையில் உட்கார்ந்தாலும் உடனே விரட்ட மாட்டார்.

தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபைபர் பாகங்கள் வார்க்கும் பிரிவில் காண்ட்ராக்டில் இருந்தேன். அந்த வேலையைக் காட்டித்தான் பெண் கேட்டோம். கல்யாணமான இரண்டாம் வருஷம் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. அப்போது என் மனைவி வளைகாப்பு முடிந்து தாய்வீட்டில் இருந்தாள். சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. கையில் இருந்த ரெசின் வேலையையும் காதில் இருந்த கோளாறையும் நம்பி நான் இந்தக் கடையைப் போட்டேன். ஊரில் சும்மா இருப்பார்களா? மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது, ரோட்டோரம் பொட்டி அடிக்கிறான் என்று செய்தி ரயிலுக்கு முன்னால் ஆரம்பாக்கம் போய்ச் சேர்ந்தது. ஆனி மாதம் ஒரு காலையில் மாமனார் கடைக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்.

"மாப்ள, கம்பெனி வேலன்னுதான் குட்த்தோம். இப்ப கொழந்தய வெச்சிக்கினு எம் பொண்ணு எங்க வந்து நிக்கும்னு எனக்குத் தெரியணும். ஆடி முடியட்டும். அதுவரைக்கும் கடையப் பாக்கறேன். பாத்துட்டு, ஆவணியில அனுப்பறதா இல்லையான்னு சொல்றேன்."

மறைத்துப் பேசத் தெரியாத ஆள். மரியாதையாகத்தான் சொன்னார், அதனாலேயே நானும் சரி என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து தினமும் வந்தார். காலை ஷிப்டுக்கு வரும் கூட்டத்தோடு ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நடந்து, ஒன்பது மணிக்குக் கடை முன்னால் நிற்பார். ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதைச் சுவரோரம் போட்டுக்கொள்வார். சாயங்கால ரயிலுக்குப் புறப்படும் வரை பார்ப்பார். பார்ப்பார், அவ்வளவுதான். இது என்ன, அது எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. நான் மரம் அறுத்தால் பார்ப்பார். ஒயர் சீவினால் பார்ப்பார். வாடிக்கையாளர் வராமல் நான் சும்மா துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாலும் பார்ப்பார். எனக்கு முதுகு முழுக்க கண் முளைத்தது போல ஆகிவிட்டது. துடைத்த மேஜையையே நான்கு முறை துடைத்தேன். தேவையில்லாமல் டிரில்லை ஓட்டினேன். யாருக்கும் போன் பண்ணாமலே போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசியதும் உண்டு, வெட்கத்தோடு சொல்கிறேன். இருபது நாள் இப்படிப் போனது. மெஸ்ஸிலிருந்து மதியச் சாப்பாடு வாங்கி வைத்தால் சாப்பிடுவார், தட்டைத் தானே கழுவி வைப்பார், நாற்காலிக்குத் திரும்புவார். பெண்டாட்டியையும் பிள்ளையையும் அந்த நாற்காலியில் இருந்தவர் கையில் முடிந்து வைத்திருந்தார் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அந்த நாட்களில் மனதில் ஓடவில்லை.

ஆடி பிறந்த வாரம் ஒரு நல்ல வேலை வந்தது. பழவேற்காடு பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து ஒருவர். நான் அவரைக் குப்பத்து அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஏரியில் வலை போடுகிற குடும்பம், மீனை வெளியூருக்கு அனுப்பும் வியாபாரமும் இருந்தது. புதுக் கார் எடுத்திருந்தார். ஆடி மூன்றாம் ஞாயிறு குப்பமே பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போகும், அன்றைக்கு அம்மன் பாட்டில் உடுக்கை நெஞ்சில் அடிக்க வேண்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. டிக்கியில் இரண்டு ஐஸ் பெட்டி வைக்கிற இடத்தை ஒரு விரல்கூட எடுக்கக் கூடாது. "பாட்டுக்காக மீன கீழ எறக்க முடியாதில்ல?" என்று சிரித்தார். நன்றாக வந்தால் குப்பத்துக் கார்கள் அத்தனையும் உன் கடைக்குத்தான் என்றும் சொன்னார். நாற்காலியில் இருந்தவருக்கும் அது கேட்டது.

சதுரப் பெட்டி என்றால் கஷ்டமே இல்லை. நீளம், அகலம், உயரம் பெருக்கினால் உள்ளே எத்தனை லிட்டர் காற்று நிற்கும் என்று தெரிந்துவிடும். ஆனால் சதுரப் பெட்டி வைத்தால் ஐஸ் பெட்டிக்கு இடம் போய்விடும். அதனால் டிக்கியின் பக்கவாட்டில், சக்கரத்துக்குப் பின்னால், தகடு உள்வாங்கிய பள்ளத்திலேயே பெட்டியை உட்கார வைப்பது என்று முடிவு செய்தேன். பள்ளம் முழுக்க டேப் ஒட்டி, அதன்மேல் ஃபைபர் துணியைப் பரப்பி, ரெசின் பூசி, காய்ந்ததும் உரித்து எடுத்தேன். பள்ளத்தின் ஒவ்வொரு மேடும் குழியும் அப்படியே பதிந்த கூடு. முன்பக்கம் மட்டும் ஸ்பீக்கர் மாட்ட ஒரு பலகை. கம்பெனியில் கற்ற வேலை முழுவதும் அதில் இறங்கியிருந்தது. ஆனால் அந்தக் கோணல்மாணல் கூட்டுக்குள் எத்தனை லிட்டர் என்று எந்தப் பெருக்கலும் சொல்லாது. ஸ்பீக்கரோடு வந்த தாள் இருபத்திரண்டு லிட்டர் கேட்டது. ஸ்பீக்கரின் உடம்பே உள்ளே இரண்டு லிட்டர் அடைக்கும். ஆக இருபத்திநாலு வேண்டும். இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், முன்னும் பின்னும் அதிரும் ஸ்பீக்கர் கோன் பின்னால் போகும்போது அதைத் தாங்கித் திருப்பி அனுப்புவது பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான். காற்று குறைந்தால் கோன் இறுகிப்போய்க் கத்தும். கூடினால் பிடிப்பு இல்லாமல் அளவுக்கு மீறிப் பின்னால் போய் அடியில் மோதும்.

தண்ணீர் ஊற்றி அளக்கலாமா என்றால், பலகை ஊறிவிடும். மணல் என்றால் ஈரம், கனம். நான் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு தட்டித் தட்டிப் பார்த்தபடி இருந்தேன். அப்போதுதான் இருபது நாளில் முதல்முறையாக மாமனார் வேலையைப் பற்றி வாய் திறந்தார். "உள்ள எவ்ளோ புடிக்கும்னு பாக்கணுமா? நாளைக்கி நெல்லு எடுத்தாரேன். படி போட்டு அளந்துட்லாம்."

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பரீட்சை வைக்க வந்தவர் எனக்கு உதவி செய்கிறேன் என்கிறார். மறுநாள் காலை ரயிலில் ஒரு சாக்கில் நெல்லும் இந்த இரும்புப் படியும் வந்து இறங்கின. நான் ஒன்றும் சாமானியப்பட்டவன் இல்லையே. முதலில் படியையே அளந்தேன். ரெசின் கலக்கும் மக்கில் மில்லிக்கோடுகள் இருக்கும். அதில் தண்ணீர் எடுத்துப் படியை விளிம்பு வரை நிரப்பினேன். ஆயிரத்து அறுநூறு மில்லி. அப்படியானால் இருபத்திநாலு லிட்டருக்குப் பதினைந்து படி, சுத்தமான கணக்கு. நோட்டில் எழுதிக்கொண்டேன். படியைத் துடைத்துக் காயவைத்து அவரிடம் கொடுத்தேன்.

அவர் அளந்த விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. தரையில் துணி விரித்து, நெல்லைக் கொட்டி, குந்தி உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். படியைக் குவியலுக்குள் இறக்கி ஒரே வீச்சில் தூக்கி, இடது உள்ளங்கையால் விளிம்பைச் சுற்றி அணைபோல் பிடித்துக்கொண்டு, வலது கையால் மேலே இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டு, கூம்பு நிற்கிற வரை நிற்க விட்டு, ஒரு மணி சிந்தாமல் கூட்டுக்குள் சாய்த்தார். முதல் படிக்கு ஒன்று என்று சொல்லவில்லை. நெல் அளக்கிறவர்கள் வழக்கப்படி "லாபம்" என்றார். பிறகு ரெண்டு, மூணு. குரலில் ஏதோ சாமி காரியம் செய்கிற நிதானம். நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நெல் என்றால் குவியத்தானே செய்யும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கவனிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் எல்லாம் கிலோக் கணக்கு. என் அப்பா டிரைவர். நெல் அளந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டரைப் படியில் கூடு நிரம்பிவிட்டது. இரண்டரைப் படி குறைகிறது.

முன்பலகையை மூன்று விரல்கடை முன்னால் தள்ளினேன். ஐஸ் பெட்டிக்கு இடம் உரசிக்கொண்டுதான் நின்றது, ஆனால் நின்றது. மறுபடி அளந்தார். பதினைந்து படி, துல்லியமாக. என் வாழ்க்கையில் அவ்வளவு சரியாக எதுவும் அமைந்ததில்லை என்று மனம் துள்ளியது. நெல்லை எல்லாம் கொட்டி, ஊதி, துடைத்து, ஓரங்களுக்கு சிலிக்கான் அடித்து, ஸ்பீக்கரை மாட்டிக் காரில் உட்கார வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குப்பத்து அண்ணன் வந்தார். கூட நான்கு பேர். முதல் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அவர் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். பம்பையும் உடுக்கையும் சேர்ந்து வரும் இடத்தில் பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. குறைக்கக் கையை நீட்டுவதற்குள் இன்னொரு அடி. பிறகு பாட்டில் அடித்தொண்டையே இல்லை. ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகிய வாடை மட்டும் டிக்கியிலிருந்து வந்தது. கூட வந்தவர்களில் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். குப்பத்து அண்ணன் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் என் தோளைத் தட்டி, "ஞாயித்துக்கெழமக்குள்ள முடியுமா பாரு. முடியலன்னா பரவால்ல" என்று சொல்லி, காரை விட்டுவிட்டு எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பரவாயில்லை என் உடம்பைச் சுட்டது.

திரும்பினேன். சிவப்பு நாற்காலியில் மாமனார். எப்போதும்போல் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து நாள் அடக்கி வைத்தது எல்லாம் வாயில் வந்தது.

"நீங்க வந்து உக்காந்ததுலேருந்து இந்தக் கடை வெளங்கல. இதப் பாக்கத்தான தெனமும் வந்தீங்க? பாத்துட்டீங்கல்ல? போயி உங்க பொண்ண ஊட்டோட வெச்சிக்கங்க."

இதைச் சொன்னவன் நான்தான். மாற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அவர் முகத்தில் கோபம் வந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை. சாக்கைச் சுருட்டும் சத்தம் கேட்டது. படியைச் சாக்குக்குள் வைத்து, நாற்காலியை எடுத்து அதன் இடத்தில் சாத்தி வைத்துவிட்டு, சாயங்கால ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தும் அந்த வெயிலில் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார்.

அதற்கு மேல் என்னால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பெட்டியைக் கழற்றினேன். கோன் பின்னால் போய் மோதியிருக்கிறது என்றால் காற்று அதிகம். பதினைந்து படிக்கு எப்படி அதிகமாகும்? முன்பு தோன்றாத வழி ஒன்று அப்போது தோன்ற, கூட்டுக்குள் பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, பலகையில் ஈரம் படாமல், மக்கால் தண்ணீர் அளந்து ஊற்றினேன். இருபத்திநாலில் நிரம்ப வேண்டியது நிரம்பவில்லை. இருபத்தாறு. இருபத்தெட்டு. இருபத்தொன்பது லிட்டரில்தான் விளிம்பைத் தொட்டது. நோட்டை எடுத்து வகுத்துப் பார்த்தேன். ஒரு படிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்கு மேல் போயிருக்கிறது. அப்போதுதான் அந்தக் கூம்பு என் கண்முன் வந்தது. தண்ணீர் விளிம்போடு நின்றுவிடும். நெல்லை அவர் விளிம்புக்கு மேலே அணைகட்டிக் குவித்திருக்கிறார். இன்னும் கொடுமை, என் முதல் கூடு இருபத்திநாலு லிட்டர்தான் இருந்திருக்கிறது. சரியாக வந்ததை அவர் கணக்கை நம்பி நானே கெடுத்திருக்கிறேன். ஆயுசு முழுக்க நெல் அளந்த மனுஷனுக்குப் படி என்றால் எவ்வளவு என்று தெரியாதா? வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். பெண்ணை அனுப்பாமல் இருக்க ஒரு காரணம் வேண்டும், அதைத் தன் கையாலேயே அளந்து போட்டிருக்கிறார். சனிக்கிழமை முதல் ரயிலில் ஆரம்பாக்கம் போனேன். நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டேன், நியாயம் கேட்க.

வீட்டில் மாமனார் இல்லை; கழனிக்குப் போயிருந்தார். என் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என்ன இந்த நேரத்தில் என்று பதறினாள். நான் நோட்டைப் பிரித்து, படி, லிட்டர், தண்ணீர் எல்லாம் சொல்லி, உன் நைனா என்ன செய்திருக்கிறார் பார் என்றேன். அந்தப் பக்கத்தில் பலர் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கணக்கைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நைனா தலை தட்டினாரா?"

எனக்குப் புரியவில்லை. படி நிரம்பியதும் மேலே நிற்கிற கூம்பைக் கையாலோ சட்டத்தாலோ வழித்து விளிம்போடு சமமாக்குவதைத்தான் தலை தட்டுவது என்பார்கள் என்று சொன்னாள். இல்லை, குவித்துக் குவித்துத்தான் போட்டார், உள்ளங்கையால் அணைபிடித்து, என்றேன். அவள் குழந்தையைத் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"விக்கறதுக்கு அளந்தா ஒரு நெல்லு மேல போவாது, தட்டித்தான் அளப்பாரு. கூலிக்கும் தட்டித்தான். பொண்ணு ஊட்டுக்குப் போற நெல்லு மட்டும் எங்க ஊட்ல தலை தட்ட மாட்டாங்க. எங்க அத்தைக்கு அப்படித்தான் அளந்து அனுப்புவாரு. தட்டினா அந்த ஊடு வளராதுன்னு சொல்லுவாரு." குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "உங்க கடைய அவரு எப்பவோ பொண்ணு ஊடுன்னு முடிவு பண்ணிட்டாரு. நீங்கதான் இன்னும் பரீட்ச எழுதிக்கினு இருந்தீங்க" என்றாள்.

முந்தின நாள் நான் பேசிய பேச்சு அவளுக்குத் தெரியாது. பெட்டி சரியாக வரவில்லை, மாப்பிள்ளை வேறு செய்கிறார் என்று மட்டும்தான் மாமனார் அவளிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் கையிலிருந்த நோட்டை மூடிவிட்டேன். எந்தக் கணக்கைத் துரோகம் என்று கையில் எடுத்துக்கொண்டு போனேனோ, அதிலிருந்த ஒவ்வொரு கூடுதல் மில்லியும் எனக்காகப் போட்டது. அது ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அதற்குப் பிரியமாக அளக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. அது பிரியம் என்பது எனக்குத் தெரியாது. சற்று நேரத்தில் அவர் வந்தார். கால் கழுவினார். என்னைப் பார்த்தார். "சாப்ட்டீங்களா மாப்ள?" என்றார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கத்துவதற்கு மட்டும் எங்கிருந்து அவ்வளவு சுலபமாக வாய் வந்ததோ. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். நிஜமாகவே நேரமாகியிருந்தது, ஞாயிறு விடிந்தால் பெரியபாளையம். பலகையைப் பழையபடி மூன்று விரல்கடை உள்ளே தள்ளி, புது ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தேன். உடுக்கை நெஞ்சில் அடித்தது. குப்பத்துக் கார்கள் வந்தன, இன்றைக்கும் வருகின்றன.

ஆவணி பிறந்த முதல் முகூர்த்த நாளில் என் மனைவி குழந்தையோடு வந்து இறங்கினாள். மச்சான் கொண்டுவந்து விட்டான். அவள் பையில், துண்டில் சுற்றிய இந்தப் படி. கூடவே புதிதாகச் செதுக்கிய ஒரு சட்டம். "நைனா குட்த்தாரு. கடையில அளக்கறப்ப இதால தட்டி அளக்கச் சொன்னாரு" என்றாள். அவர் வரவில்லை. அந்தச் சட்டத்தால் வழித்துத்தான் ஒன்பது வருஷமாகக் கோணல் பெட்டி ஒவ்வொன்றையும் அளக்கிறேன். சட்டத்தின் நடுவில் தேய்ந்து ஒரு பள்ளம்கூட விழுந்துவிட்டது. இதற்கென்றே இரண்டு சாக்கு நெல் கடையில் எப்போதும் இருக்கும். மாமனார் எங்கள் வீட்டுக்கு வருவார். காது குத்துக்கு வந்தார், பொங்கலுக்கு வருவார், பேத்தியை மடியில் வைத்துக்கொள்வார். கடைக்கு மட்டும் வர மாட்டார். கும்மிடிப்பூண்டியில் வேலை இருந்தால் எதிர்ப்பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். நான் ரோட்டைத் தாண்டிப் போய்க் கூப்பிட்டால், "நீங்க வேலையப் பாருங்க மாப்ள" என்பார். கோபமாக இல்லை. போ என்று சொன்ன இடத்துக்கு வராமல் இருக்கும் மரியாதை அது. சிவப்பு நாற்காலி வெயிலில் நிறம் போய்விட்டது. தூக்கிப் போட மனசு வரவில்லை. எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், அவர் எதிரில் நின்றதும் மழையைப் பற்றியும் உரம் பற்றியும் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

போன மாதம் கண் பார்க்க வந்தார். ஒரு கண்ணில் சதை வளர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது. டீக்கடை மூடியிருந்தது. நான் கடைக்குள் ஒரு கூட்டைக் உரல் போல நிறுத்தி வைத்து, தரையில் நெல்லைப் பரப்பி, அளக்க உட்காரப் போனேன். நிமிர்ந்து பார்த்தால் ஷட்டருக்கு வெளியே, கூரைத் தகட்டுக்கு அடியில், பாதி நனைந்தபடி அவர் நிற்கிறார். உள்ளே வரவில்லை. எனக்கு ஒன்பது வருஷத்து ஒத்திகையும் மறந்துபோனது.

"மாமா, அன்னிக்கி நான் பேசினது தப்பு. உள்ள வாங்க" என்றேன்.

அவர் மழையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "அது கெடக்குது மாப்ள" என்றவர், தரையில் இருந்த நெல்லைப் பார்த்துவிட்டு, ஈரக் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். முன்போல் சட்டென்று உட்கார வரவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டார். படியைக் கையில் கொடுத்தேன். சட்டத்தையும் நீட்டினேன். அவர் செதுக்கிய சட்டம்தான். வாங்கி, நடுவில் விழுந்திருந்த பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதைத் தன் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டார்.

"இந்த ஊட்ல எனக்கு இது கையில வராது" என்றார்.

படியை நெல்லுக்குள் இறக்கி, உள்ளங்கையால் விளிம்பை அணைத்து, மேலே இரண்டு கை அள்ளிப் போட்டார். கூம்பு நின்றது. "லாபம்" என்று சொல்லிக் கூட்டுக்குள் சாய்த்தார். நான் ஆடாமல் அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். ஒரு படிக்கு ஆயிரத்து அறுநூறு என்று தலைப்பில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது என்று எழுதிக்கொண்டேன்.